பேசாத அம்மாவின் வெந்நீர்க் கடை

அடி அண்ணாமலை
24.8.2025

என் செல்ல நாத்தனார் வேதாவுக்கு,

உன் அண்ணி சந்திரகலா ஆசையோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுகிறேன். இங்கே நான், உன் அண்ணன், உன் அம்மா மூன்று பேரும் சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளை பிரசாத்தும் சுகமாக இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. "வேலையா இருக்கேன் அண்ணி, கடையில நடக்கறத பேப்பர்ல எழுதி போட்டோ பிடிச்சு அனுப்புங்க, அதை வச்சு நான் நம்ம பேஜ்ல போடறேன்" என்று மெசேஜ் மட்டும் வருகிறது. பத்தாம் வகுப்போடு பேனாவை மூடி வைத்தவள் நான். வாயால் கேட்டால் பாரதக் கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்வேன். எழுது என்றால் விரல் வலிக்கிறது. சரி, கடை பிழைக்க வேண்டுமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத நேரம் நிறைய இருக்கிறது, அதுதான் துக்கம். உன் அண்ணன் இடுப்பு வலியால் ஆட்டோவை விட்ட பிறகு இந்தக் கடை ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். யோசனை என்னுடையது என்பதால் உன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். நான் என்ன தப்பாகவா யோசித்தேன்? மலையைச் சுற்றுகிற ஜனங்கள் வெறுங்காலோடு பாதி வழி நடந்து நம் ஊருக்கு வரும்போதுதான் கால் விட்டுப்போகிறது. ஒரு பேசின் வெந்நீர், ஒரு பிடி கல் உப்பு, நாலு நொச்சி இலை. கொஞ்ச நேரம் காலை வைத்து எடுத்தால் மீதி வழி நடந்ததே தெரியாது. டீக்கடை எங்கே பார்த்தாலும் இருக்கிறது, இது ஒன்றுதானே இல்லை என்று நினைத்தேன்.

ஆனால் நமக்குக் கிடைத்த இடம் மலையை ஒட்டிய ஓரத்தில். அது சித்தர்கள் நடக்கிற பக்கம் என்று ஜனங்கள் எல்லாம் இடது ஓரமாகவே போகிறார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைப் பார்க்கிறார்கள், பேசினைப் பார்க்கிறார்கள், மலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடக்கிறார்கள். "வாங்க, கால் வலிக்கலையா, வாங்க" என்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறேன். கூப்பிடக் கூப்பிட இன்னும் வேகமாக நடக்கிறார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், என் வாய்க்கு அந்தப் பழமொழி பலிக்கவில்லை. நேற்று கடைக்கு வந்தது ஒரே ஒரு மாடு. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனது.

இதை வைத்துக்கொண்டு நீ என்னத்தை எழுதுவாயோ தெரியவில்லை. மாப்பிள்ளையை ஒரு நாள் போனில் பேசச் சொல். அவர் குரல் கேட்டு ரொம்ப நாளாகிறது.

வாய் ஓயாத உன் அண்ணி,
சந்திரகலா

ஹெல்சின்கி
31.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைக்கு வந்த முதல் வாடிக்கையாளரான அந்த மாட்டுக்கு என் வணக்கம்.

இங்கே வெயில் காலம் முடியப்போகிறது. என் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் பட்டை உரிந்த மரங்கள் வரிசையாக நிற்கின்றன. காலையில் கண் திறக்கும்போது அவற்றுக்குப் பின்னால் மலை நிற்பதுபோல ஒரு நொடி தோன்றுகிறது. மேகம்தான். ஆனாலும் அது மேகம் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று கண்ணை இடுக்கியபடி அப்படியே படுத்திருக்கிறேன். அதன் பிறகு எழுந்து உங்கள் கடையைத் திறக்கிறேன். சிரிக்காதீர்கள். போனில் நம் பேஜைத் திறப்பதைத்தான் நான் அப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.

வியாபாரத்துக்கு வருகிறேன். இனிமேல் நீங்கள் யாரையும் கூப்பிட வேண்டாம், அண்ணி. ஜனங்கள் கிளம்புவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து போனில் தேடும்போதே நாம் அவர்கள் கண்ணில் பட வேண்டும். 'கிரிவலம் போனால் கால் வலிக்கு என்ன செய்வது' என்று எத்தனையோ பேர் கூகுளில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே ஒரு நீண்ட பதிவு எழுதி பிளாக்கில் போட்டுவிட்டேன். மேப்பில் நம் கடைக்கு இடம் குறித்தாகிவிட்டது. நீங்கள் அனுப்பிய படங்களில் அண்டாவிலிருந்து ஆவி எழுகிற படம்தான் நன்றாக இருக்கிறது. உங்கள் முகம் உள்ள படங்களில் எல்லாம் வாய் திறந்திருக்கிறது.

சித்தர் பக்கம் என்று அலுத்துக்கொண்டீர்களே, அதையே தலைப்பாக்கிவிட்டேன். இதுதான் இன்று போட்ட பதிவு:

'சித்தர்கள் நடக்கும் ஓரத்தில் ஒரு வெந்நீர்க் கடை. அவர்கள் வழிவிட்டால் நீங்களும் வரலாம். காலையில் மலை முகத்தில் விழிக்கிறேன். அதற்குப் பிறகு யாரிடமும் பேசத் தோன்றுவதில்லை. தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து போவதைப் பார்த்தபடி பொழுது போய்விடுகிறது. வருகிறவர்கள் வரட்டும். வெந்நீர் இருக்கிறது.'

போட்டுக் கொஞ்ச நேரத்துக்குள் எங்கெங்கிருந்தோ இதயங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. அவர் நலம். வேலை ஜாஸ்தி.

உங்கள் அன்பில்,
வேதா

அடி அண்ணாமலை
28.9.2025

அம்மாடி வேதா,

உன் பேனாவுக்கு என்ன மந்திரம் போட்டிருக்கிறாய்? இதைக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்னைச் சுற்றி நிறைய பேர் காலை வெந்நீரில் விட்டபடி கண் மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சத்தம் இல்லை. நானும் பேச முடியாது. ஏன் பேச முடியாது என்று கேட்கிறாயா? நான் மௌன விரதம் இருக்கிற அம்மாவாம். வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும், அதையும் செய்ய முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்து கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியது. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு கடையில் இருந்தேன். பெங்களூரிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். சாலையைக் கடந்து நேராக நம் பக்கம் வந்தார்கள், வேதா, நானே நம்பவில்லை. வந்து கையைக் கூப்பி, காதில் ரகசியம் சொல்கிற குரலில், உள்ளே வரலாமா என்று கேட்டார்கள். வாயைத் திறந்தால் கிராம்பு விழும். கையால் உட்காரச் சொன்னேன். உப்பு வேண்டுமா என்று கையால் கேட்டேன். அந்தப் பெண் புருஷனைப் பார்த்து, "படிச்சேன் இல்ல, அம்மா பேச மாட்டாங்க" என்றாள். போகும்போது என் காலைத் தொட்டாள். ஊரார் காலுக்கு வெந்நீர் ஊற்றுகிறவள் காலில் ஒருத்தி விழுகிறாள்! என் உடம்பு கூசிவிட்டது.

அன்று சாயங்காலமே அவள் மேப்பில் என்னவோ எழுதியிருக்கிறாள். மறுநாளிலிருந்து ஜனம் வருகிறது. பல் வீக்கம் வடிய நாளாயிற்று, அதற்குள் பேர் பரவிவிட்டது. உன் அண்ணனுக்குப் பிடிபடாத சந்தோஷம். 'சத்தம் வேண்டாம்' என்று சாக்பீஸால் போர்டு எழுதி வாசலில் சாத்திவிட்டார். நம் ஊரில் பேசாத சாமியார்கள் ஏற்கெனவே உண்டுதான். அதனால் பார்க்கிற யாருக்கும் சந்தேகமே வரவில்லை. உன் அம்மாவுக்கோ பரம திருப்தி. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் வேண்டிக்கொண்டது இப்போதுதான் பலித்திருக்கிறது.

நான் யாரிடமும் பேசுவதில்லை என்று நான் எப்போது உனக்கு எழுதினேன்? என் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லையே. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இப்போது நான் என்ன செய்யட்டும்? வாயைத் திறக்கட்டுமா, வேண்டாமா?

பல்லும் சொல்லும் அடங்கிய உன் அண்ணி,
சந்திரகலா

ஹெல்சின்கி
2.10.2025

என் அருமை அண்ணி,

திறக்காதீர்கள். கொஞ்ச நாளைக்குத் திறக்காதீர்கள்.

அந்த வரி நீங்கள் எழுதியது இல்லை, நான் எழுதியதுதான். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தானாக வந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து எழுதவில்லை, அண்ணி. நிஜமாகவே அப்படித் தோன்றியது.

ஜனங்கள் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? ஒரு பெண், 'இந்த ஊரில் எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள், இங்கே மட்டும்தான் என்னைச் சும்மா விட்டார்கள்' என்று எழுதியிருக்கிறாள். வயதான ஒருவர் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாராம், அவர் மகன் எழுதுகிறான், அப்பா இவ்வளவு நிம்மதியாகத் தூங்கிப் பார்த்ததில்லை என்று. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? தவளை தன் வாயால் கெடும் என்று அம்மா உங்களைத்தான் எத்தனை முறை சொல்லியிருப்பார். வாயை மூடியதால் ஒரு கடை பிழைத்தது என்று இருக்கட்டுமே.

இங்கே இலைகள் மஞ்சளாகி விழுந்துகொண்டிருக்கின்றன. விழுவதற்குச் சத்தமே இல்லை. சாயங்காலம் நடந்துவிட்டு வந்தால் ஷூவில் ஒட்டிக்கொண்டு இலைகளும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. அவற்றைப் பெருக்க மனம் வரவில்லை. கூடத்தில் அப்படியே கிடக்கின்றன. ஒரு டம்ளர் அரிசி வைத்தால் ரெண்டு நாளைக்கு வருகிறது. சமையல் மிச்சம், நேரம் மிச்சம். அந்த நேரமெல்லாம் உங்கள் கடைக்குத்தான்.

பல்லுக்கு டாக்டரிடம் போனீர்களா? திரும்ப எழுதுங்கள். நிறைய எழுதுங்கள்.

வேதா

அடி அண்ணாமலை
9.11.2025

வேதா கண்ணு,

பௌர்ணமி முடிந்து இன்றுதான் மூச்சு விடுகிறேன். உன் அண்ணன் இன்னொரு அண்டா வாங்கிவிட்டார். நொச்சி இலைக்குச் செங்கம் ரோடு வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. கடையைப் பொறுத்தவரை ஒரு குறையும் இல்லை, உனக்குக் கோடி புண்ணியம்.

என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்து பார்த்தால் முதலில் வாய் ஊறுகிறது, புளியங்காயைப் பார்த்த மாதிரி. அப்புறம் ஒரு நேரம் வருகிறது. காலைப் பனியில் ஆவி எழும்பும்போது எது மலை, எது புகை என்று தெரிவதில்லை. தண்ணீர் கொதிக்கிற சத்தம், தூரத்தில் யாரோ பேசிக்கொண்டே வருகிற மாதிரி கேட்கிறது. ஒரு நாள் விடிந்ததும் பார்க்கிறேன், தரையில் ஈரக் கால் தடம், சாலைப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் போயிருந்தது. யாராவது ஒதுங்கப் போயிருப்பார்கள் என்று என் புத்தி சொல்கிறது. மனசு கேட்கவில்லை. அந்தத் தடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனேன். அப்படி ஒரு சுகம் இதில் இருக்கத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் பேசாதவளிடம் ஜனங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுகிறார்கள், வேதா. அதுதான் தாங்க முடியவில்லை. பேசின் முன்னால் குனிந்து நான் உப்புப் போடும்போது தலைக்கு மேலே ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். போன வாரம் ஒரு அம்மாள் மருமகளைப் பற்றிச் சொல்லி அழுதாள். கேட்டால் தப்பு முழுக்க இவள் மேல்தான். "நீதான் கொஞ்சம் விட்டுக்குடேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் நேராகியிருக்கும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக் கண்ணை மூடிக்கொண்டேன். அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனி அந்த மருமகள் பாடு என்ன ஆகும்?

இன்னொரு கூத்து. நான் உனக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்து மந்திரம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து வந்த ஒருவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். அதில் தக்காளி விலையும் உன் அம்மாவின் கோபமும்தான் இருந்தன.

இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். வீட்டுக்குப் போனால் சிரிப்பு வருவதில்லை. கடையை மூடிவிட்டுப் போயும் எனக்குப் பேச்சு வருவதில்லை. உன் அண்ணன் ஏதோ கேட்டால் கையைக் காட்டுகிறேன். நேற்று அவர் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என்கிட்ட கூடவா கலா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது, அதற்கும் சத்தம் வரவில்லை. வேதா, நான் பேசிப் பேசியே வளர்ந்தவள். பேச்சுப் போனால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

அதனால் ஒரு பதிவு போட்டுவிடு. விரதம் முடிந்தது, அம்மா இனிமேல் பேசுவார் என்று. உன்னால் நாலு வரியில் அழகாகச் சொல்லிவிட முடியும்.

மாப்பிள்ளை தீபாவளிக்குக் கூடப் பேசவில்லை. உன் அம்மா வாய் விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மனசில் வைத்திருக்கிறார்.

உன் பதிவுக்குக் காத்திருக்கும் அண்ணி,
சந்திரகலா

ஹெல்சின்கி
10.12.2025

அன்பு அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். மலையில் தீபம் ஏற்றியதை நீங்கள் அனுப்பிய படத்தில்தான் பார்த்தேன். இங்கே மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அந்தப் படத்தைப் போனில் திறந்து மேஜை மேல் நிறுத்தி வைத்தேன். அறையில் வேறு விளக்குப் போடவில்லை.

நீங்கள் கேட்ட பதிவை எழுதிப் பார்த்தேன். எழுதி எழுதி அழித்தேன். என்னால் முடியவில்லை, அண்ணி. விரதம் முடிந்தது என்று போட்டால் அது இன்னொரு பொய். விரதமே இல்லை என்று போட்டால் ஏமாற்றுக்காரர்கள் என்று ஒரே நாளில் கிழித்துவிடுவார்கள். கட்டுவதற்கு மாதக் கணக்கில் ஆகிறது, போவதற்கு ஒரு கமெண்ட் போதும். அண்ணன் இடுப்போடு மறுபடி ஆட்டோ ஓட்ட வேண்டுமா? கூட்டம் குறைகிற மார்ச் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். எனக்கே இது வேண்டியிருக்கிறது. வெளியே பனி பெய்துகொண்டே இருக்கிறது, தெருவில் ஆள் நடந்தால்கூடச் சத்தம் கேட்பதில்லை. காலையில் எழுந்ததும் நான் போகிற ஒரே இடம் உங்கள் கடைதான். ஆவிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். யாரோ வந்து காலை வைக்கிறார்கள், யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. பேசாத அம்மா பேச ஆரம்பித்துவிட்டால் நான் எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை. இப்படி எழுதினால் பைத்தியம் என்று நினைப்பீர்கள்.

ஒரு உதவி. எங்கள் கட்டடத்தில் அருணாதேவி என்று ஒரு அக்கா இருக்கிறார், வேலூர்க்காரர். ரசம் வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுப்பார். அவர் நம் பேஜைப் படிக்கிறார். பதிவுகளை எழுதுவது நான்தான் என்றோ, அது நம் வீட்டுக் கடை என்றோ அவருக்குத் தெரியாது. ஜனவரியில் ஊருக்கு வருகிறார், கட்டாயம் அங்கே வருவார். அவர் எதிரில் மட்டும் தயவுசெய்து பேசிவிடாதீர்கள். அவர் அவ்வளவு நம்புகிறார்.

உங்கள்
வேதா

அடி அண்ணாமலை
5.1.2026

வேதா, என் தங்கமே,

பேசிவிட்டேன்.

நீ யார் எதிரில் பேசக் கூடாது என்று கேட்டுக்கொண்டாயோ, அவர் எதிரிலேயே பேசிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடைசி வரை படி, நடுவில் போனை மூடி வைக்காதே.

நேற்றுக் காலை அருணாதேவி வந்தார். பௌர்ணமிக்கு மறுநாள், கடை நிறைய ஜனம். அவர் என்னைப் பார்த்ததும் கண் கலங்கிக் கும்பிட்டார். பேர் சொல்லவில்லை, ஆனால் ஹெல்சின்கியிலிருந்து வருவதாகச் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கேட்டுக்கொண்டதை நினைத்து உதட்டை இறுக்கிக்கொண்டேன். ரசம் கொடுக்கிற கை அல்லவா, நானே நல்ல சூடாகத் தண்ணீர் ஊற்றி, உப்பைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன். அவர் காலை உள்ளே வைத்தார். அப்புறம் குனிந்து என் காதருகே சொன்னார்.

தனக்காக ஒன்றும் கேட்க வரவில்லையாம். அவர் கட்டடத்தில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாளாம். புருஷன் ஜூலை மாதமே சாமானைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டானாம், இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனானாம். அந்தப் பெண் ஊரில் யாரிடமும் சொல்லவில்லையாம். வீட்டில் ஏற்கெனவே கஷ்டம், இதையும் ஏன் சொல்ல வேண்டும் என்றாளாம். விளக்குக்கூடப் போடாமல் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாளாம். சில நாள் இவர் கதவைத் தட்டினால் திறந்துவிட்டு, பேச வாய் வராமல் அப்படியே நிற்கிறாளாம். "அவளுக்காக வேண்டிக்கங்கம்மா. பேரு வேதா" என்றார்.

கையிலிருந்த செம்பு நழுவிப் பேசினில் விழுந்தது.

"அவ எங்க வூட்டுப் பொண்ணு" என்றேன்.

மாதக் கணக்கில் அடைத்து வைத்த தொண்டை, வேதா. குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் கண்ணைத் திறந்துவிட்டார்கள். ஒருவர் ஈரக் காலோடு எழுந்து நின்று கை கூப்பி, அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார் என்றார். வாக்கும் இல்லை, வரமும் இல்லை, என் நாத்தனாரைப் பற்றிப் பேசுகிறோம், உட்காருங்கள் என்று அவரை அதட்டினேன். அதற்கு மேல் என்னால் நிறுத்த முடியவில்லை. அழுகிறேன், பேசுகிறேன், அருணாதேவியின் காலைத் துடைக்கிறேன், அவரும் அழுகிறார். எனக்கு ஒரு விரதமும் இல்லை, பல் வலியில் ஆரம்பித்த கதை இது என்று எல்லோரிடமும் சொன்னேன். சிலர் முகம் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள், அதுவும் இந்நேரம் வந்திருக்கும். ஏமாற்றுக் கடை என்று நேற்று ராத்திரியே மேப்பில் எழுதிவிட்டார்களாம், உன் அண்ணன் படித்தார். படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார். கடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். உன் பழைய போர்வையை எடுத்து வெயிலில் போட்டார்.

இப்போதுதான் எனக்கு எல்லாம் புரிகிறது. மலை முகத்தில் விழித்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தது நான் இல்லை, நீதான். உன் மௌனத்தை எடுத்து என் கடையில் வைத்தாய். ஊரே வந்து அதைக் கும்பிட்டது, எங்களில் ஒருத்தருக்குக்கூட அது உன்னுடையது என்று தெரியவில்லை. போனை எடுக்காதபோதே நான் கேட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று உன்னைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறேனே, பாவி.

பேஜைப் பற்றிக் கவலைப்படாதே. உன் அண்ணனிடம் கேட்டு நானே தட்டி ஒரு பதிவு போட்டுவிட்டேன். எழுத்துப் பிழை இருக்கும், திருத்தாதே. 'நான் பேசுவேன். ஜாஸ்தியாகவே பேசுவேன். கால் வலித்தால் வாங்க' என்று போட்டிருக்கிறேன். இன்று காலை மூன்று பேர்தான் வந்தார்கள். மூன்று பேரோடும் பேசினேன். மூன்று பேருக்கும் கால் வலி போனது. பார்க்கலாம், கம்மியாக வந்தாலும் வரட்டும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. என்றைக்கு எந்த விமானம் என்று மட்டும் உன் அண்ணனுக்கு ஒரு மெசேஜ் போடு. அருணாதேவி இம்மாதக் கடைசியில் திரும்புகிறார், சாமானை எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நீ உடம்போடு வந்தால் போதும்.

வந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று நான் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கேட்பார்கள். கடை வாசலில் நின்று கேட்பார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார வைத்துக் கேட்பார்கள். நீ ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டாம். என் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார், வெந்நீரில் காலை விடு, எத்தனை நாள் வேண்டுமானாலும் வாயைத் திறக்காதே. கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அண்ணி,
சந்திரகலா